பஞ்சமி நிலமும் சென்னைப் பெருநகரமும்



1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் கொல்லப்பட்டார்கள். மாமல்லபுரத்துக்கு அருகில் இருக்கும் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டு எழுந்த போராட்டம் அது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இருந்தும் சிலர் அந்தப் போராட்டத்துக்குப் போயிருந்தார்கள். இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது. 'பஞ்சமி நிலம்' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அந்த வாரத்தில்தான்.

அந்த இருவரையும் நினைத்துத்தான் இன்றைய பொருளை எடுத்துக்கொண்டேன். விவசாய நிலத்தை நகரத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், விவசாயச் சங்கங்கள், இயற்கை வேளாண்மை செய்கிறவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். நாமும் அந்த முழக்கத்தோடு நிற்கிறோம். ஆனால், அந்த நிலம் யாருடைய நிலம், அதில் யார் வேலை செய்தார்கள், யாருடைய பெயர் ஏட்டில் ஏறியது என்ற கேள்வியைக் கேட்காமல் அந்த முழக்கத்தை அப்படியே நாம் திருப்பிச் சொல்ல முடியாது. இந்த மாவட்டத்தின் நூற்றுமுப்பது ஆண்டு வரலாற்றை வைத்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். சென்னையைச் சுற்றியுள்ள விவசாய நிலங்களில் சந்தைக்குப் போகாதபடி சட்டத்தால் பூட்டப்பட்ட நிலம் பஞ்சமி நிலம். அந்தப் பூட்டை உடைத்தவர்களைக் கேள்வி கேட்காமல் வேறு எந்த வயலையும் காப்பாற்ற முடியாது.

மிராசு

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஆங்கிலேயக் கம்பெனிக்கு மிக முன்பே கிடைத்த நிலப்பகுதி. 1763இல் ஆர்க்காட்டு நவாபு கொடுத்த ஜாகீர் அது. இங்கே நில உரிமை மிராசு என்ற பெயரில் இருந்தது. ஊரின் நிலம் முழுவதற்கும் சில குடும்பங்களே பங்குதாரர்கள். அந்தப் பங்கில் நஞ்சை, புன்செய் மட்டும் அடங்கவில்லை. பயிரிடாத தரிசும், மேய்ச்சல் வெளியும், குடியிருக்கும் நத்தமும் தங்களுடையவை என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இல் மிராசு உரிமை பற்றி எழுதிய அறிக்கை, இந்த உரிமைகளுக்கு அரசின் ஏடுகளில் ஒரு கௌரவத்தைக் கொடுத்தது.

பறையர்களுக்கு இதில் என்ன இடம்? வேலை செய்கிற இடம் மட்டும்தான். படியாள் என்று பெயர். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஓர் ஆண்டையின் நிலத்தில் கட்டுண்டு கிடப்பது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று ஆக்கியது. ஆனால், குடிசை போட்டிருக்கும் மண்ணே ஆண்டையுடையது என்றால் சட்டம் கொடுத்த விடுதலையோடு எங்கே போய் நிற்பது? கூலி போதவில்லை என்று சொன்னால் குடிசையைப் பிரிக்கச் சொல்வார்கள்.

தரிசு நிலத்தை விண்ணப்பம் போட்டு வாங்கும் முறை ஒன்று இருந்தது. அதற்குத் தர்க்காஸ்து என்று பெயர். ஆனால், ஒரு பறையர் தர்க்காஸ்து கொடுத்தால், மிராசுதாருக்கு முன்னுரிமை என்ற விதி குறுக்கே நிற்கும். 'அந்த நிலத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் உழ வேண்டும் என்பதுகூட இல்லை. நிலம் தரிசாகவே கிடந்தாலும் பரவாயில்லை, படியாள் கைக்குப் போய்விடக் கூடாது. ஒருவருக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர் இருந்தால் அவர் அடுத்த நாள் வேலைக்கு வரமாட்டார் என்பதை மிராசுதார்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். நிலம் மறுக்கப்பட்டதற்குப் பொருளாதாரக் காரணம் இதுதான். தீட்டு என்ற பேச்சு அதற்கு மேல் போர்த்திய துணி.

1891, 1892

1891ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனை அவர்களுக்குச் சொந்தமில்லை என்பது, கடனால் கட்டுண்ட உழைப்பு, தர்க்காஸ்து விதியில் இருந்த தடை எல்லாவற்றையும் அதில் எழுதினார். தரிசு நிலத்தை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும், குடியிருப்பு மனையைச் சொந்தமாக்க வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் வந்த 1010, 1010ஏ எண் வருவாய்த்துறை அரசாணைகளைத்தான் நாம் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாகக் கொள்கிறோம்.

இந்த இடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல மனம் படைத்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொடுத்த தானம் என்று இதைச் சொல்லிச் சொல்லியே நம் பங்கை நாமே குறைத்துக்கொண்டோம். அந்த அறிக்கைக்கு முன்பே நிலம் கேட்டு மனுப் போட்டு, ஊர்க்கட்டுப்பாட்டுக்கு ஆளாகி அடிபட்ட பறையர்கள் இருந்தார்கள். ரங்கூனுக்கும் மற்ற நாடுகளுக்கும் கூலிகளாகப் போய்த் திரும்பி, கையில் இருந்த காசுக்கு நிலம் வாங்க முயன்றவர்கள் இருந்தார்கள். வில்லியம் கௌடி, ஆடம் ஆண்ட்ரு போன்ற மிஷனரிகள் அரசிடம் வற்புறுத்தியது, சேரி மக்கள் தங்களிடம் வந்து முறையிட்டதால்தான். செங்கல்பட்டுக்கு வடக்கே மெல்ரோசாபுரம் என்ற உழவர் குடியேற்றம் உருவானதும் அந்தக் காலத்தில்தான். 1891இல் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் இந்தச் செங்கல்பட்டு மண்ணில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இவ்வளவும் ஒரே இரண்டு மூன்று ஆண்டுகளில் நடக்கின்றன. மேலே கோப்பு நகர்ந்தது என்றால் கீழே மண் அசைந்திருக்கிறது என்று பொருள்.

1892இல் தொடங்கி, அடுத்தடுத்த ஆணைகளாலும், 1920க்குப் பிறகு லேபர் கமிஷனர் துறையின் வேலையாலும், வருவாய் வாரியத்தின் நிலையாணை 15ஆலும் இந்த ஒப்படை முழு உருப்பெற்றது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அந்தப் பட்டாக்களில் நிபந்தனைகள் இருந்தன. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கே விற்கலாம். வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்து மீண்டும் அந்த மக்களுக்கே கொடுக்கலாம். நான் பூட்டு என்று சொன்னது இந்த நிபந்தனையைத்தான். மிராசுதார் கடன் கொடுத்து நிலத்தைத் திரும்பப் பிடுங்கிவிடுவார் என்று தெரிந்தே போட்ட பூட்டு அது.

கொடுத்த நிலம் பெரும்பாலும் எப்படிப்பட்ட நிலம்? ஊரின் ஓரத்துப் புன்செய், கல்லாங்குத்து, ஏரிப் பாசனத்தின் கடைசியில் தண்ணீர் எட்டியும் எட்டாமலும் இருக்கும் துண்டுகள். கல் பொறுக்கி, வரப்புக் கட்டி, கிணறு தோண்டி அதை விளைநிலமாக ஆக்கியவர்கள் நம் முன்னோர். விவசாய நிலத்தின் பாரம்பரியம் என்று பேசுகிறபோது இந்த உழைப்பையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பூட்டு உடைந்த விதம்

ஒரு நிலத்தின் கதையைச் சொல்கிறேன். மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் ஆயாவின் அப்பாவுக்கு லேபர் நிலம் என்று ஒரு ஏக்கர் இருபது சென்ட் கிடைத்தது. கேழ்வரகும் வேர்க்கடலையும் போடுவார்கள். ஆயாவின் அக்காவுக்குக் கல்யாணம் வந்தபோது அதை ஊரில் ஒருவருக்குப் போக்கியத்துக்கு விட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்பி வரும் என்பது பேச்சு. பணம் சேரவில்லை. சேர்ந்த ஓர் ஆண்டு, 'போன வருஷத்து வட்டி?' என்றார்கள். அப்படியே முப்பது ஆண்டுகள் போயின. அந்த வீட்டுக்காரரின் மகன் காலத்தில் ஏடே அவர் பெயருக்கு மாறியிருந்தது. 1998 வாக்கில் அந்த நிலத்தில் வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டினார்கள். மனைப்பிரிவு போடுவதற்கு முன்னால் வேலிக்காத்தான் வெட்டக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். அப்படிப் போனவர்களில் எங்கள் ஆயாவும் ஒருத்தி. தன் அப்பன் கிணறு வெட்டிய இடத்தில் ஒரு நாள் கூலிக்கு முள் வெட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, 'கெணத்த மூடிட்டாங்கடி' என்று மட்டும் சொன்னாள். பழைய பட்டாத் தாள் தகரப் பெட்டியில் இருந்தது. அதை வைத்து நாங்கள் போட்ட மனு இன்றும் நிலுவையில்தான் இருக்கிறது. மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்பது ஒவ்வொரு முறையும் வந்த பதில்.

இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேரின் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும். அதனால்தான் சொன்னேன். இதிலிருந்து பூட்டு உடைந்த வழிகளை வரிசைப்படுத்தலாம்.

முதல் வழி கடன். வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் நிபந்தனைப் பட்டாவுக்குக் கடன் தரத் தயங்கும்போது, ஊர்க்காரரிடம் வாய்ப்பேச்சில் போக்கியம் வைப்பது தவிர வழியில்லை.

இரண்டாவது வழி ஏடு. பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான நிலம் என்ற குறிப்பு இருந்தது. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயரைப் பார்த்துப் பட்டா எழுதிய இடங்களில் அந்தக் குறிப்பு விடுபட்டுப் போனது. பிறகு ஏடுகள் கணினிக்கு ஏறியபோது, விடுபட்டது விடுபட்டதாகவே ஏறியது. இன்று இணையத்தில் சிட்டா எடுத்துப் பார்க்கும் இளைஞருக்குத் தன் தாத்தாவின் நிலம் வெறும் ஒரு தனியார் பட்டாவாகத் தெரியும்.

மூன்றாவது வழி பத்திரம். நேரடியாகக் கிரையம் எழுதினால் சிக்கல் என்று தெரிந்தவர்கள் பொது அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். இன்னும் சிலர் நம் ஆட்களில் ஒருவரையே பினாமியாக வைத்து முதல் கிரையத்தை அவர் பெயரில் முடித்தார்கள். நான்காவது வழி தண்ணீர். மேலே இருக்கும் வயல்களை மனையாக்கி வரத்துக் கால்வாயைத் தூர்த்துவிட்டால், கடைமடையில் இருக்கும் சேரி நிலம் தானாகக் காய்ந்துவிடும். மூன்று ஆண்டு பயிர் வைக்காமல் கிடந்தால், 'இது விவசாய நிலமே இல்லை' என்று சொல்வது எளிது.

நகரம் வந்தது

1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தபோது நகரம் பரங்கிமலைக்கு இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. 1990களில் நிலைமை மாறியது. திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலைநகர், சிறுசேரி என்று தொழிற்சாலைகளும் கணினி வளாகங்களும் வந்தன. ஜி.எஸ்.டி. சாலை, பழைய மாமல்லபுரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை மூன்றும் மூன்று கைகளைப் போல நீண்டன. காரணைப் போராட்டம் 1994இல் வெடித்தது தற்செயல் அல்ல. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத கல்லாங்குத்து நிலத்துக்கு விலை வந்த காலம் அது. 2022இல் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அதாவது, திரமென்ஹீர் எந்த மாவட்டத்தைப் பற்றி எழுதினாரோ அதன் பெரும்பகுதி இன்று பெருநகரத் திட்டத்துக்குள் இருக்கிறது.

விவசாய நிலத்தை மனையாக்குவதை எதிர்த்துச் சட்டத்தின் வழியாகவும் சில தடைகள் வந்தன. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே, 2016 அக்டோபர் 20க்கு முன் போடப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. கடன்பட்டு மனை வாங்கிய ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால், மனை வாங்கியவரின் நட்டத்துக்கு ஒரு தேதியும் ஒரு விதியும் உடனே கிடைத்தன. அந்த மனைக்கு அடியில் இருக்கும் நிலத்தைப் பறிகொடுத்தவரின் மனுவுக்கு அப்படி ஒரு தேதி இன்றுவரை கிடைக்கவில்லை.

அரசே நிலம் எடுக்கும் இடங்களைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் நமக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதில் நிலச் சொந்தக்காரர் மட்டுமல்லாமல், அந்த நிலத்தில் மூன்று ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்திய விவசாயக் கூலிகளும் குத்தகைதாரர்களும் அடங்குவார்கள். நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கு, எடுத்த அளவு நிலம் அல்லது இரண்டரை ஏக்கர், இவற்றில் எது குறைவோ அது மாற்று நிலமாகத் தரப்பட வேண்டும். நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. நிலமற்றவர்களின் கணக்கு அரசின் தாளில் ஏறுவதற்கு இருந்த ஒரே வாசல் அந்த மதிப்பீடுதான்.

தமிழ்நாடு 2014இல் கொண்டுவந்த திருத்தம் மூன்று மாநிலச் சட்டங்களுக்கு இதிலிருந்து விலக்கு அளித்தது. 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம், 2001ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 1978ஆம் ஆண்டின் அரிஜன நலத் திட்ட நில எடுப்புச் சட்டம் ஆகியவை அவை. 2019இல் உயர் நீதிமன்றம் இதை ரத்து செய்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் புதிய சட்டத்தால் உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நமக்கு வீட்டுமனை கொடுப்பதற்காக இயற்றிய சட்டமும் தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கும் சட்டமும் ஒரே விலக்கின் கீழ் கைகோத்து நிற்கின்றன. ஆனால், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நமக்குக் கிடைப்பது மூன்று சென்ட் மனை. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் போவது ஊர்.

2022 ஆகஸ்ட் முதல் பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் போராடிவருகிறார்கள். பதிமூன்று கிராமங்கள், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். கிராமசபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அந்தப் போராட்டத்தோடு நாம் நிற்கிறோம், நிற்க வேண்டும். அங்கே ஏரியும் வயலும் போனால் பட்டாதாரருக்கு ஒரு தொகை வரும். நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்கு என்ன வரும் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே மனையாகிப் போன எங்கள் பக்கத்துக் கிராமங்களில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆண்கள் கம்பெனி வேனிலும் பைக்கிலும் ஏறி ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், தாங்கள் நாற்று நட்ட வயலின் மேல் எழும்பிய அடுக்ககங்களில் துடைப்பத்தோடு போனார்கள். வயலில் வேலை பார்த்தபோது சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் நெல்லும், வரப்பில் கீரையும், மாட்டுக்குப் புல்லும் கிடைத்தன. அவற்றுக்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் கலம் கிடையாது.

நகரம் நமக்கு எதிரியா?

இங்கே ஒரு கேள்வி எழும். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப், இந்தியக் கிராமத்தைப் பற்றிய இனிய கனவுகளைக் கடுமையாக நிராகரித்தார். நம் மக்களுக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை இல்லாத ஒரு வாழ்க்கையை நகரம்தான் ஓரளவு கொடுத்தது. நான் முதுகலை சமூகவியல் படித்ததும் நகரத்தில்தான். அப்படியிருக்க, கிராமத்தையும் வயலையும் காப்பாற்றுங்கள் என்று நாம் ஏன் சொல்ல வேண்டும்?

பழைய கிராமத்தை அப்படியே காப்பாற்றச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. ஆண்டைக்கும் படியாளுக்கும் இருந்த உறவோடு சேர்த்து எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை. நாம் கேட்பது நிலம். நகரத்துக்குப் போவதும் போகாமல் இருப்பதும் நம் விருப்பமாக இருக்க வேண்டுமென்றால் கையில் நிலம் இருக்க வேண்டும். நிலம் இல்லாதவன் நகரத்துக்குக் குடிபோகவில்லை, தள்ளப்படுகிறான். அங்கே போயும் அவன் கால்வாய்க்கரையில்தான் குடிசை போடுகிறான், அங்கிருந்தும் ஒருநாள் தூக்கி எறியப்படுகிறான். இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் கையில் இருந்த சாகுபடிப் பரப்பு ஏறத்தாழ ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. இருக்கிற இதுவும் நகரத்தின் வாசலில் கரைந்துகொண்டிருக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வியை என் அண்ணன் மகன் கேட்டான். பொறியியல் படித்தவன். 'அத்தே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க சென்ட் அஞ்சு லட்சத்துக்கு வித்துட்டு மெட்ராஸ்ல வீடு வாங்கிட்டாங்க. நம்ம ஜனங்க மட்டும் ஏன் விக்கக் கூடாது? நம்ம தலையில மட்டும் ஏன் பூட்டு?' என்றான். நியாயமான கோபம். நிபந்தனைப் பட்டா என்பதைக் காரணம் காட்டி நம் நிலத்துக்கு அடிமாட்டு விலை பேசுகிறார்கள். அரசு எடுத்துக்கொள்ளும்போதும், இது அரசு கொடுத்ததுதானே என்று இழப்பீட்டைக் குறைக்கப் பார்க்கிறார்கள். ஒப்படை நிலத்துக்கும் மற்றப் பட்டா நிலத்துக்கு இணையான இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. அந்த வாதத்தை இங்கேயும் நாம் வைக்க வேண்டும்.

ஆனால், பூட்டைத் திறந்துவிட்டால் யாருக்கு இலாபம்? இதுவரை சட்டத்துக்குப் புறம்பாக வாங்கிப் போட்டவர்களுக்குத்தான் முதல் இலாபம். ஒரே நாளில் அவர்களுடைய பத்திரங்கள் எல்லாம் தூய்மையாகிவிடும். இரண்டாவது இலாபம், ஒரு தலைமுறைக்கு மட்டும் பணமாகக் கிடைக்கும். அடுத்த தலைமுறைக்கு அதுவும் இல்லை. பூட்டு இருக்கும்போதே முக்கால்வாசி போய்விட்டது என்றால், பூட்டு இல்லாவிட்டால் மீதி எத்தனை நாள் நிற்கும்? நம் பிள்ளைகளின் கோபத்துக்கு நாம் சொல்ல வேண்டிய பதில், பூட்டோடு சேர்த்துச் சோறும் போடு என்று அரசைக் கேட்பதுதான். நிபந்தனைப் பட்டாவுக்குக் கூட்டுறவுக் கடன் கொடு. கிணற்றுக்கு மின்சாரம் கொடு. பிள்ளையின் படிப்புக்கு நிலத்தை விற்க வேண்டிய நிலையை மாற்று. அவசரமாக விற்கத்தான் வேண்டும் என்றால் சந்தை விலைக்கு அரசே வாங்கி, நிலமற்ற இன்னொரு தலித் குடும்பத்துக்குக் கொடு. அப்போது பூட்டு நம் கழுத்தில் கட்டிய கயிறாக இராது, நிலத்தைச் சுற்றிய வேலியாக இருக்கும்.

செய்ய வேண்டியவை

1978இல் கர்நாடகம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலங்களின் கைமாற்றத்தைத் தடை செய்து, மீட்டுக் கொடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. காலம் கடந்து வந்தார்கள் என்று மனுக்கள் தள்ளுபடியானபோது, 2023இல் காலவரம்பு கிடையாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1977 முதலே ஒப்படை நிலங்களுக்குத் தடைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் இன்னும் அரசாணையையும் நிலையாணையையும் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறோம். 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் அமைத்த குழுவும் நிலத்தை நம் கையில் கொண்டுவந்து சேர்க்கவில்லை. தனிச் சட்டம் நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அதற்குக் காத்திருக்காமல் செய்யக் கூடியவையும் இருக்கின்றன. மாணவர்களே, இது உங்களுக்கான வேலை. உங்கள் கிராமத்தின் பழைய நிலவரித் திட்ட 'அ' பதிவேட்டை மாவட்ட ஆவண அறையிலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ தேடி எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் சர்வே எண் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எந்த எண்ணில் குறிப்பு காணாமல் போயிருக்கிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அந்த எண்களைப் பதிவுத் தடைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுங்கள். கிராமசபையில் அந்தப் பட்டியலைப் படித்துத் தீர்மானமாக ஏற்றுங்கள். ஊரில் இருக்கும் வயதானவர்களிடம் போய், எந்தக் கிணறு யார் வெட்டியது என்று கேட்டு எழுதுங்கள். மீட்கும் நிலத்துக்குப் பட்டா பெண்கள் பெயரில் வேண்டும் என்று கேளுங்கள்.

விவசாய நிலம் காக்கும் இயக்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. மூன்றாவது திட்டத்துக்கான வேலைகள் நடக்கின்றன. விரிந்த பெருநகரத்தில் எந்த நிலம் வயலாகவே இருக்க வேண்டும், எது கட்டடமாகலாம் என்பதை அந்த வரைபடம் தீர்மானிக்கும். அதில் பஞ்சமி நில சர்வே எண்கள் முதலில் குறிக்கப்படட்டும், விவசாய மண்டலமாகவே இருக்கட்டும் என்று எங்களோடு சேர்ந்து கேளுங்கள். ஏரியை, வரத்துக் கால்வாயை, கடைமடையைச் சேர்த்துக் கேளுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் மேல்மடை வயலும் வயலாக இருந்தாக வேண்டும். எங்கள் நிலத்தைக் காப்பாற்றினால் உங்கள் நிலத்துக்கும் அதுவே காவல். எங்கள் நிலம் போனபோது ஊரே பேசாமல் இருந்தது. அன்று கல் நட்டவர்களுக்கு, இந்த மாவட்டத்தில் யாரையும் கேட்காமல் கல் நடலாம் என்ற துணிச்சல் அங்கேதான் வந்தது.

ஜான் தாமஸும் ஏழுமலையும் பூமியைக் காக்கும் இயக்கம் என்று எதையும் நடத்தவில்லை. தங்கள் மக்களுக்கு எழுதப்பட்ட நிலத்தைக் கொடு என்று கேட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, பெருநகரம் இந்த மாவட்டத்தை விழுங்கத் தொடங்கிய காலத்தில் அதை மறித்து முன்னால் நின்றவர்கள் வரிசையில் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை மாலையோடு முடியக் கூடாது. இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழுப்பேறிய ஒரு தாள் இருந்தால் அதை நகலெடுங்கள். அடுத்த ஆண்டு இந்த நாளில் அந்த நகல்களோடு நாம் கூடுவோம்.

ஜெய் பீம்.